ஈந்த ஆடும் ஈந்தவர் கடமையும்

வறியவனுக்கு ஒரு வேளைச் சோறு ஈவது அறம். அதில் இரு கருத்து இல்லை. அவன் நாளையும் மறுநாளும் பிறர் வாசலில் நிற்காதிருக்க வழிசெய்வது அதனினும் பெரிய அறம். அதிலும் இரு கருத்து இல்லை. ஆனால் இந்த இரண்டாவது அறத்தில் இறங்கும்போதுதான் கேள்விகள் பிறக்கின்றன. சோறு உண்டு சென்றவனைப் பின்தொடர்ந்து போய், அந்தச் சோற்றை என்ன செய்தாய் என்று எவரும் கேட்பதில்லை. ஓர் ஆட்டையோ மாட்டையோ பெற்றுக்கொண்ட ஏழைப் பெண்ணிடமோ கேள்விகள் ஓய்வதில்லை. கொடுத்த ஆடு எங்கே? குட்டி எத்தனை? ஏன் விற்றாய்? யாரைக் கேட்டு விற்றாய்? கொடுத்து முடித்த பின்னும் கொடுத்தவரின் கை ஆட்டின் கயிற்றிலேயே இருக்கிறது. அந்தக் கை அங்கே இருக்கலாமா? இருக்கலாகாது எனில், கயிற்றைக் கைமாற்றியதோடு அவருடைய கடமை தீர்ந்துவிட்டதா?

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. ஸகாத்தையும் ஸதகாவையும் சில்லறையாகச் சிதறவிடாமல், ஏழைக் குடும்பம் ஒன்றைத் தன் காலில் நிற்கச் செய்யும் வகையில் தர வேண்டும் என்னும் எண்ணம் நம் ஜமாஅத்துகளில் உண்டு. தையல் இயந்திரம், தள்ளுவண்டி, ஆடு, கறவை மாடு என்று அது பல உருவம் கொள்கிறது. இவற்றுள் ஆடுமாடு மட்டும் தனி வகையைச் சேர்ந்தது. தையல் இயந்திரத்துக்குப் பசிக்காது, ஆட்டுக்குப் பசிக்கும். தள்ளுவண்டிக்கு நோய் வராது, மாட்டுக்கு வரும். இங்கே கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமன்றி, கொடுக்கப்படும் உயிருக்கும் உரிமை உண்டு. ஆகவே ஏனைய கொடைகளில் எழாத கேள்விகள் இக்கொடையில் எழுகின்றன.

சேத்தூர்ப் பக்கத்து ஆடு

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் உள்ள சேத்தூர் பழைய ஜமீன் ஊர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும், கண்மாய்ப் பாசனத்தில் நெல்வயல்களும் உள்ளன. கிழக்கே செல்லச் செல்ல ஈரம் குறைந்து, விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காடு விரிகிறது. தோப்பும் வயலும் உடையவருக்கு மழை பொய்த்தாலும் நிலம் மிஞ்சும். கூலி ஒன்றையே நம்பிய குடும்பத்துக்கு மிஞ்சுவது எது? அத்தகைய குடும்பத்துக்கு ஆடுதான் நிலம், ஆடுதான் வங்கி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வேண்டிய பணமா, ஆஸ்பத்திரிச் செலவா, கொடுக்கல் வாங்கலில் நெருக்கடியா, ஒரு கிடா சந்தைக்குப் போகும். எட்டயபுரம் ஆட்டுச் சந்தையும் மேலப்பாளையம் சந்தையும் தென்மாவட்டங்களில் பேர்பெற்றவை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாள்களில் அங்கே விலை ஏறுவதை நாம் குர்பானி ஆடு வாங்கப் போகும்போது அறிகிறோம். அந்த விலையேற்றத்தை ஓராண்டாக எதிர்பார்த்துக் கிடாயை வளர்த்தவர் யார், அவர் வீட்டில் அந்தப் பணம் எதற்காகக் காத்திருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வட்டாரத்துக்கென்றே உரிய ஆட்டினங்கள் உண்டு. கரிய உடலும் முகத்தில் வெண்ணிறக் கோடும் கொண்ட கன்னி ஆடு அவற்றுள் ஒன்று. வெண்மைக்குப் பதில் பழுப்பு நிறக் கோடு உடையதைச் செங்கன்னி என்பர். வறட்சியைத் தாங்கும், இரட்டைக் குட்டி ஈனுவது இதற்கு இயல்பு. வெண்ணிற உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்ட வேம்பூர்ச் செம்மறி இன்னொன்று. மக்கள் அதனைப் பொட்டு ஆடு என்பர். கன்னி ஆட்டுக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கேட்டால், மணமாகிப் புக்ககம் செல்லும் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டதால் வந்தது என்று சொல்வர். பெயர்க்காரணம் எதுவாயினும், அந்த வழக்கத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தகப்பன் தன் மகளுக்குச் சீராகக் கொடுத்த ஆட்டுக்குப் பின்னாளில் கணக்குக் கேட்பதில்லை. அவள் விற்றாலும் வளர்த்தாலும் அது அவளுடையது. ஆனால் ஆடு நோயுற்றது என்று சேதி வந்தால் பாராமுகமாக இருப்பதும் இல்லை. கணக்குக் கேட்காத அக்கறை அது.

அரசு கொடுத்த ஆடு

தமிழ்நாட்டில் ஏழைகளுக்குக் கால்நடை கொடுப்பது புதிதன்று. மைய அரசு 1978-இல் தொடங்கி 1980-இல் நாடு முழுதும் விரித்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாடும் எருமையும் ஆடும் வழங்கப்பட்டன. ஆனால் அவை முழுக் கொடை அல்ல. ஒரு பகுதி மானியம், மறுபகுதி வங்கிக் கடன். சிறு விவசாயிக்கு 25 விழுக்காடு, நிலமற்ற தொழிலாளிக்கு மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்கு 50 விழுக்காடு என மானியம் அமைந்தது. தீவனம் இல்லாத வீட்டில், பால் வாங்க ஆளில்லாத ஊரில் கட்டப்பட்ட மாடு நெடுநாள் நிற்கவில்லை. மாடு செத்தது, கடன் சாகவில்லை. அதனால் பல குடும்பங்கள் முன்னைவிடத் தாழ்ந்தன. 1999-இல் அத்திட்டம் வேறொரு திட்டத்தில் இணைக்கப்பட்டது.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடுகள், வெள்ளாடுகள், செம்மறியாடுகள் வழங்கும் திட்டம் இந்தக் குறையைக் களைந்தது. அதில் கடன் இல்லை. ஐந்தாண்டுகளில் 60,000 கறவை மாடுகள். 7 லட்சம் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் என்பது இலக்கு. பயன்பெறுவோர் ஊர்ப்புறத்து ஏழைப் பெண்கள். பெறுபவரே சந்தைக்குச் சென்று தமக்கு வேண்டிய ஆட்டைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடும், காப்பீடும் அதில் இருந்தன. பின்னர் 2021-இல், கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர் முதலிய 38,800 பெண்களுக்கு ஐந்தைந்து ஆடுகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆட்டைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தது இவற்றுள் போற்றத்தக்க செய்தி. சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லவும், மடியைத் தொட்டுப் பார்க்கவும் அறிந்தவள் அவள். அலுவலகத்தில் கையொப்பமிடுபவர் அல்லர்.

ஆயினும் இத்தகைய திட்டங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை வரும்: குறிப்பிட்ட காலம் வரை விற்கலாகாது. ஆட்டின் காதில் வில்லை மாட்டப்படும். பார்வையிட ஆள் வருவர். அரசு மக்களின் பணத்துக்கு அறங்காவலர். கணக்குக் கேட்பது அதன் கடமை என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் அல்லாஹ்வுக்காகக் கொடுக்கும் நாமும் அவ்வாறே செய்யலாமா?

மூன்று வகைக் கொடை

கால்நடையைப் பிறர் கையில் கொடுப்பது மூன்று வகைப்படும். அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் மனக்கசப்பு விளைகிறது.

முதல் வகை இரவல் கொடை. அரபு நாட்டில் இதற்கு மனீஹா என்று பெயர். பால் தரும் ஒட்டகையையோ ஆட்டையோ வறியவரிடம் விட்டுவைப்பர். பால் அவருக்கு, விலங்கு உரியவருக்கே திரும்பும். நற்செயல்கள் நாற்பது என்றும், அவற்றுள் தலையாயது பால் தரும் ஓர் ஆட்டை இவ்வாறு கொடுத்துதவுவது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை அன்சாரிகள் தாங்கிய வழிகளுள் இதுவும் ஒன்று. இரண்டாம் வகை, நம் ஊர்களில் வாரத்துக்கு விடுவது. தாய் ஆடு உடையவருடையது, உழைப்பு வளர்ப்பவருடையது, குட்டியில் பங்கு. இது கொடை அன்று, கூட்டு. இந்தக் கூட்டு எந்த வகையில் செல்லும் என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மூன்றாம் வகை முழுக் கொடை. ஸகாத் இவ்வகையைச் சேர்ந்தது. பொருள் ஏழையின் முழு உடைமையாக ஆக்கப்பட வேண்டும். இதனைத் தம்லீக் என்று கிதாபுகள் கூறும். உடைமை என்று ஆனபின், அதை வளர்ப்பதும் விற்பதும் அறுத்து உண்பதும் அவர் விருப்பம்.

இம்மூன்றும் நல்லவையே. ஆனால் எதைச் செய்கிறோமோ அதை அப்பெயரால் சொல்லிச் செய்ய வேண்டும். மனீஹாவாகக் கொடுத்துவிட்டு முழுக் கொடை என்று விளம்பரம் செய்வதும், முழுக் கொடை என்று சொல்லிவிட்டு வாரக்காரரைப் போல் குட்டி எண்ண வருவதும் நேர்மை ஆகாது. அமெரிக்கரான டேன் வெஸ்ட் என்பவர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அகதிகளுக்குப் பால் பங்கிட்டபோது, குவளைப் பாலைவிடப் பசுவையே கொடுத்தால் என்ன என்று எண்ணினார். அவ்வெண்ணத்தால் 1944-இல் 17 கிடேரிகள் பியூர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலேறின. ஹைஃபர் என்ற அமைப்பு வளர்ந்தது. முதலில் ஈனும் பெண் கன்றை இன்னோர் ஏழைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதி முன்கூட்டியே சொல்லப்படுகிறது. கன்று கொடுத்தவரிடம் திரும்பாமல் இன்னோர் ஏழையைச் சேர்கிறது. பெற்றவரும் கொடுப்பவர் ஆகிறார். நிபந்தனை இருந்தும் அது இழிவாகத் தோன்றாமைக்கு அதுவே காரணம்.

உமர் (ரலி) அவர்களின் குதிரை

கொடுத்த ஆட்டைப் பெற்றவர் சரியாகப் பேணவில்லை; கண்முன்னே மெலிகிறது. அப்போதும் கொடுத்தவர் தலையிடலாகாதா? இக்கேள்விக்கு உமர் (ரலி) அவர்களின் வாழ்க்கையில் நேரடியான விடை இருக்கிறது.

அவர்கள் ஒரு குதிரையை அல்லாஹ்வின் பாதையில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். பெற்றவர் அதைக் கவனியாமல் விட்டுவிட்டார். அவர் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார் என்று எண்ணிய உமர் (ரலி) அவர்கள், தாமே அதை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள விரும்பி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அவர் ஒரே திர்ஹத்துக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், கொடுத்த தருமத்தைத் திரும்பப் பெறலாகாது என்று பெருமானார் தடுத்துவிட்டார்கள்.

ஆழ்ந்து நோக்குக. உமர் (ரலி) அவர்கள் குதிரையை இலவசமாகத் திருப்பிக் கேட்கவில்லை. விலை கொடுக்கவே முன்வந்தார்கள். நோக்கமும் தவறானதன்று, குதிரை நன்றாக இருக்க வேண்டும் என்பதே. அப்படியிருந்தும் தடை ஏன்? கொடுத்தவர் வாங்க வந்தால் பெற்றவரால் பேரம் பேச முடியாது. நன்றிக்கடன் அவர் நாவைக் கட்டிவிடும். கொடுத்தவரின் கை மறைமுகமாகவேனும் அந்தப் பொருளின்மீது மீண்டும் விழுமானால், பெற்றவர் ஒருபோதும் உடைமையாளர் ஆகமாட்டார். என்றைக்கும் பெற்றவராகவே இருப்பார். உடைமையாளர் ஆகாதவர் தற்சார்பு உடையவர் ஆவது எங்ஙனம்? தவறு செய்யும் உரிமையும் உடைமையின் ஒரு பகுதியே.

ஆனால் அந்த விலங்கின் பசிக்கு என்ன விடை? அதற்கும் விடை உண்டு. ஓர் அன்சாரியின் தோட்டத்தில் பசியால் வாடிய ஒட்டகை ஒன்று பெருமானாரைக் கண்டு கண்ணீர் விட்டது. அதைத் தடவிக் கொடுத்த பெருமானார், உடையவரை அழைத்து, வாயில்லா உயிரின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு கண்டித்தார்கள். இங்கே கண்டிக்கப்பட்டவர் ஏழையும் அல்லர், தருமம் பெற்றவரும் அல்லர். விலங்கைப் பட்டினி போடலாகாது என்பது உடையவர் எல்லாருக்கும் உரிய பொதுச் சட்டம். அதை ஏழைக்கும் நினைவூட்டலாம். அண்டை வீட்டுச் செல்வருக்கு நினைவூட்டும் அதே குரலில், அதே மரியாதையோடு நினைவூட்டலாம். கொடுத்தவன் என்ற அதிகாரத்தில் அன்று.

முதலில் உணவு, பிறகு கோடரி

கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பது ஒரு பாதி. மறுபாதியை மறந்தால், அது பொறுப்பிலிருந்து நழுவும் தந்திரம் ஆகிவிடும்.

யாசிக்க வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வரலாற்றை நாம் மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். வீட்டில் இருந்த விரிப்பையும் குவளையையும் கொண்டுவரச் சொன்ன பெருமானார், அவற்றைத் தாமே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். உழைத்து உண்ண வேண்டும் என்னும் பாடத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறோம். ஆனால் அந்த இரண்டு திர்ஹம் பிரிக்கப்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். ஒரு திர்ஹம் குடும்பத்துக்கு உணவு வாங்க; மற்றொன்று கோடரி வாங்க. கையிலிருந்த முதலில் பாதி, அன்றையப் பசிக்கே ஒதுக்கப்பட்டது. பிள்ளைகள் பட்டினியாக இருக்கையில் கோடரியைக் கொடுத்தால், அந்தக் கோடரியே விற்கப்பட்டுவிடும் என்பது மனித இயல்பை அறிந்த பெருமானாருக்குத் தெரியும். பிறகு கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் தம்மைப் பார்க்க வர வேண்டாம் என்றார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவர் பின்னால் ஆள் அனுப்பியதாக வரலாறு இல்லை. தவணை முடிந்து வந்தவர் கையில் பத்து திர்ஹம் இருந்தது.

ஆடு கொடுப்போருக்கு வேண்டிய முறை முழுதும் இதில் அடங்கியுள்ளது. சினை ஆட்டுக்குக் கர்ப்ப காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். குட்டி விற்பனைக்கு வளர இன்னும் பல மாதம். அதுவரை அந்த வீட்டு அடுப்பு எரிவது எப்படி? ஆட்டைக் கொடுத்துவிட்டு அரிசிக்கு வழிசெய்யாத கொடையில், முதல் திர்ஹம் இல்லை. இரண்டாவது மட்டுமே இருக்கிறது. நோயோ கடன்காரரோ வாசலில் நின்ற அன்றே ஆடு சந்தைக்குப் போய்விடும். பிறகு நாம் ஏழையின் குணத்தைக் குறை கூறுவோம்.

நம் காலத்து அனுபவமும் இதையே காட்டுகிறது. வங்கதேசத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபித் நிறுவிய பிராக் அமைப்பு, 2002-இல் மிக வறிய பெண்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆடோ மாடோ கொடுப்பதோடு, தொடக்கக் காலத்தில் உணவுச் செலவுக்குச் சிறு தொகை, வளர்ப்புப் பயிற்சி, மருத்துவ உதவி, சேமிப்பு ஆகியவற்றையும் சேர்த்துத் தந்தது. அம்முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. உதவி நின்று ஓராண்டு கழித்தும் அக்குடும்பங்களின் உணவும் வருமானமும் உயர்ந்தே இருந்தன என்று அது கூறியது. மேற்கு வங்கத்தில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் முர்ஷிதாபாத் மாவட்டமே அதன் இந்தியக் களம். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அங்கே ஏற்றம் நிலைத்திருந்தது.

ஆனால் அதே முறையில் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் செய்த முயற்சியில் நிகர ஏற்றம் காணப்படவில்லை. அங்கே அக்காலத்தில் கூலி உயர்ந்துகொண்டிருந்தது. மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர் கூலியை இழந்தார். மாட்டினால் வந்தது கூலியில் போயிற்று. இச்செய்தி இராஜபாளையம் பக்கத்தாருக்கு எளிதில் விளங்கும். நூற்பாலை வேலைக்குச் செல்லும் பெண் இருக்கும் வீட்டில் ஆட்டை யார் மேய்ப்பது? அங்கே ஆடு ஈவது பாரத்தை ஈவதே ஆகும். வேலைக்குச் செல்ல இயலாத மூதாட்டியோ, கைக்குழந்தையோடு இருக்கும் விதவையோ உள்ள வீட்டில் அதே ஆடு வரமாக மாறும். ஆகவே ஆடு நல்லதா என்பது கேள்வி அன்று. இந்த வீட்டுக்கு ஆடு நல்லதா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்ல உரிமையுள்ளவர் அந்த வீட்டாரே.

அவரைக் கேட்காமல் கொடுப்பதன் கேட்டுக்கு ஒரிசாவின் நுவாபாடா பகுதியில் ஒரு சான்று உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளியான தம் நூலில் அதை எழுதியுள்ளார். ஏழைகளுக்கு உயர்ரக மாடு கொடுக்கப் புறப்பட்ட திட்டம் ஒன்று, கலப்பு நேராதிருக்க அவ்வட்டாரத்துக் கரியார் இனக் காளைகளைக் காயடித்தது. பிறந்த ஜெர்சிக் கன்றுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மக்களிடம் முன்பு இருந்த நல்ல நாட்டு இனமோ அங்கே இல்லாமற் போயிற்று. கொடுக்க வந்தவர் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போனார். கன்னி ஆடு வளர்ந்த கரிசலில் இன்னோர் ஊர் ஆட்டை இறக்க எண்ணுவோர் இதனை நினைவில் கொள்க.

மேய்ச்சல் நிலம்

ஆடு இருக்கிறது, வீட்டில் அரிசியும் இருக்கிறது. அது எங்கே மேயும்? கொடுப்போர் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இது.

சேத்தூருக்கு மேற்கேயுள்ள மலைக்காடுகள் நெடுங்காலம் மலைமாடுகளின் மேய்ச்சல் இடமாக இருந்தன. 1988-இல் திருவில்லிபுத்தூரில் சாம்பல்நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அதுவும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ப்பதற்குத் தடை விதித்து, பின்னர் அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் அமைத்தது. காடு காக்கப்பட வேண்டும். ஆறுகள் பிறப்பது அங்கேதான். கால்நடையின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றுவதும் உண்மை. ஆனால் ஊரின் மேய்ச்சல் புறம்போக்கும் சுருங்கி, காடும் மூடப்பட்டால், நான்கு ஆடு பெற்றவள் அவற்றைப் பிறர் தோட்டத்து வேலி ஓரத்தில்தான் மேய்க்க வேண்டும். நாள்தோறும் ஏச்சு வாங்க வேண்டும். ஆட்டோடு சேர்த்து அவமானத்தையும் கொடுத்ததாகும்.

உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது, அரசு பாதுகாத்த மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக அமர்த்தினார்கள். சில ஒட்டகைகளும் சில ஆடுகளுமே உடைய எளியவரை உள்ளே விடு. உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் போன்ற செல்வர்களின் மந்தைகளை விடாதே என்னும் பொருள்படக் கட்டளையிட்டார்கள். அதற்குக் காரணமும் சொன்னார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவர் தம் பேரீச்சந்தோப்புக்கும் வயலுக்கும் திரும்பிவிடுவார். எளியவரின் கால்நடை மடிந்தால் அவர் பிள்ளைகளோடு கலீபாவின் வாசலுக்குத்தான் வருவார். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது.

கலீபா ஓர் ஆட்டையும் கொடுக்கவில்லை. இருந்த ஆடு பிழைக்க இடம் கொடுத்தார்கள். இன்றைய நிலையில் இதற்கு ஒப்பானது எது? நம் வக்ஃபு நிலம் தரிசாகக் கிடந்தால், அதில் அகத்தியும் வேலிமசாலும் வளர்த்து எளியவர் வெட்டிக்கொள்ள விடலாம். தோப்பு உடையவர் ஆட்டுக்கிடை போட இடம் தந்து, எருவுக்குரிய கூலியைத் தரலாம். மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போடும் நாளை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். பாலுக்கு இவ்வட்டாரத்தில் குறையில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா அதற்குச் சான்று. சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டாலே ஒரு மாட்டின் பயன் பெருகும். இவை கயிற்றைப் பிடிக்கும் செயல்கள் அல்ல. வழியைச் செப்பனிடும் செயல்கள்.

நம் கைக்கு எட்டிய அளவில்

இனி, எவ்வளவு கொடுப்பது? கொடுத்தால் தேவை தீரும்படி கொடுங்கள் என்பது உமர் (ரலி) அவர்களின் கருத்தாக அறிவிக்கப்படுகிறது. கைத்தொழில் அறிந்தவருக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவு ஸகாத் தரலாம் என்று ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஹனபி மத்ஹபில் ஒரே ஏழைக்கு நிஸாப் அளவை ஒருசேரக் கொடுப்பதைப் பொதுவாக விரும்பத்தகாதது என்பர்; கடன்பட்டவருக்கும் பெருங்குடும்பத்தாருக்கும் விலக்கு உண்டு. அவரவர் ஊர் ஆலிம்களைக் கேட்டு நடக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் நூறு பேருக்கு ஒரு நாள் செலவைக் கொடுத்து, அந்த நூறு பேரையும் அடுத்த ஆண்டும் அதே வரிசையில் காண்பது எந்த மத்ஹபின் நோக்கமும் அன்று.

சேத்தூர் போன்ற ஊர்களில் வறியவருள் பெரும்பாலோர் பிற சமயத்தவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஸகாத்துக்குரியோர் யார் என்பதற்குச் சட்டம் வகுத்த வரம்பு உண்டு; ஸதகாவுக்கு அவ்வரம்பு இல்லை. தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டவர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள். இறைச்சியில் அண்டை வீட்டாருக்குப் பங்கு உண்டெனில், உயிருள்ள ஆட்டில் ஏன் இருக்கலாகாது?

ஆகவே தொடக்கத்துக் கேள்விகளுக்கு விடை இது: ஈந்தவர் கயிற்றை விட்டுவிட வேண்டும், ஆனால் புல்லையும் மருந்தையும் முதல் சில மாதத்து அரிசியையும் பற்றிய கவலையை விடலாகாது. நம் சமுதாயத்தில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. ஆட்டின்மீது அதிகாரத்தை வைத்துக்கொண்டு, அது வாழ வேண்டிய சூழலைக் கைகழுவிவிடுகிறோம்.

நாற்பது ஆடு தானே மேய்ந்து ஓராண்டு நிறைந்தால் அதில் ஒன்று ஸகாத் என்பது மார்க்கத்தின் கணக்கு. இன்று நான்கு ஆடு பெறும் வீடுகள் பலவும் அந்த எண்ணிக்கையை எட்டாமல் போகலாம். ஆயினும் ஈகையின் இலக்கு அந்தத் திசையில்தான் இருக்கிறது. வாங்கிய கை என்றேனும் ஒருநாள் கொடுக்கும் கையாக மாறும் என்று நம்பிக் கொடுப்பதும், மாறும்போது அதற்கு உரிமை கொண்டாடாதிருப்பதும் ஈவோரின் கடமை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி அதன் நன்மையை இழந்துவிடாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.